மொட்டைத் தலையும் பொலன்னறுவைச் சோறும்

இலங்கையில் பொலன்னறுவையைப் பௌர்ணமியன்று பார்க்க வேண்டும் என்று நாள் குறித்தது நான்தான். நாள் பார்ப்பதில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு. திருத்தணி தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கத்து ஏரி எந்த வருஷம் எந்த மாதம் நிரம்பிக் கோடி வழிந்தது, நந்தி ஆற்றில் கடைசியாக எப்போது தண்ணீர் வந்தது, மலைப்பாதையை எப்போது அகலப்படுத்தினார்கள் என்றெல்லாம் தேதிவாரியாகச் சேர்த்து வைத்திருப்பவன். ஆகவே பயணச் சீட்டு எடுப்பதற்கு முன் இரண்டு பஞ்சாங்கங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு ஆவணிப் பௌர்ணமி எந்தக் கிழமை என்று பார்த்தேன். வழக்கமாக ஒன்றோடொன்று சண்டை போடும் அந்த இரண்டும் இந்த முறை ஒத்துப்போனதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அந்த நாட்டில் ஒவ்வொரு பௌர்ணமியும் விடுமுறை. போயா என்பார்கள். பௌத்தர்கள் வெள்ளை உடுத்திக் கோயிலுக்குப் போவார்கள். விரதம் எடுத்தவர்கள் நடுப்பகல் தாண்டினால் மறுநாள் விடியும்வரை சோறு தொடமாட்டார்கள். வெறும் கல்லாகக் கிடக்கும் இடிபாடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பூவும் விளக்குமாக மனிதர்கள் வந்து போகும் இடிபாடுகளைப் பார்க்க வேண்டும் என்றுதான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். இதையெல்லாம் படித்து வைத்திருந்தவனுக்கு, படித்ததைத் தன்னோடு பொருத்திப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

கிளம்புவதற்கு முன் வீட்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. முதலாவது மொட்டை. போன வருஷம் தை மாதத்தில் எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடியே என் மனைவி தணிகை மலைக்கு வேண்டிக்கொண்டாள். வேண்டுதல் அவளுடையது, முடி என்னுடையது. ஊருக்கு நடுவில் மலை இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இலங்கைப் பயணச் சீட்டைப் பார்த்ததும் அவள் கேட்டாள்: “சாமி கடன வச்சிகினு கடல் தாண்டுவீங்களா பாவா?” அவள் என் தாய்மாமன் மகள். கல்யாணத்துக்கு முன் கூப்பிட்டதைக் கல்யாணத்துக்குப் பின்னும் மாற்றவில்லை. மறுநாளே மலையேறி முடி கொடுத்து, தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு இறங்கினேன்.

இரண்டாவது, ஒப்பந்தம். எனக்குச் சர்க்கரை நோயும் உண்டு. சில மாதங்களுக்கு முன் சித்தூர்ப் பக்கம் ஒரு பழைய கோயிலில் கல்வெட்டு ஒன்றைப் படித்துக்கொண்டே சாப்பாட்டை மறந்து, படியில் உட்கார்ந்தவன் எழ முடியாமல் போனேன். அதிலிருந்து எங்கே போனாலும் மகன் கூட வரவேண்டும் என்று வீட்டில் ஒரு சட்டம். அவன் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். நல்ல பிள்ளை. ஆனால் நான் ஒரு தூணை ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் “போலாமா நைனா?” என்பான். போலாமா என்ற சொல் காதில் விழுந்ததும் கல்லில் இருக்கும் எழுத்து எனக்கு மங்கிவிடும். மார்கழியில் கம்போடியா போவது என் பல வருஷத்து ஆசை. அங்கே அந்தக் கோயில்களுக்கு நடுவில், பின்னால் ஒருவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, நான் நடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மனைவி ஒரு வழி சொன்னாள். இலங்கைக்குத் தனியாகப் போகலாம். ஆனால் மூன்று வேளையும் தட்டைப் படம் எடுத்துப் போனில் அனுப்ப வேண்டும். மதியச் சாப்பாடு ஒரு மணியைத் தாண்டக் கூடாது. “ஒரு வேள தவறிச்சின்னா கம்போடியாவுக்குப் புள்ள கூட வருவான். தவறலன்னா நீங்களே போங்க, நான் ஒன்னியும் கேக்கல. தட்டுக்குப் பதிலா ஓட்டல் போர்ட போட்டோ புடிச்சி அனுப்புற வேல மட்டும் என்கிட்ட வாணாம்.”

பொலன்னறுவையில் முதல் வேளை சிரமமில்லாமல் நடந்தது. நான் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா போயா என்பதால் பால்சோறு செய்திருந்தார். பச்சரிசியைக் குழைய வேகவைத்து, தேங்காய்ப்பால் விட்டு இறுக்கி, தட்டில் பரப்பிச் சாய்சதுரமாக வெட்டுகிறார்கள். கூடவே வெங்காயமும் காய்ந்த மிளகாயும் உப்பும் இடித்த சம்பல். தேங்காய்ப்பாலின் இதத்தின் மேல் அந்தக் காரம் ஏறி வரும்போது கை தானாக அடுத்த துண்டுக்குப் போகும். சாப்பிட்டுவிட்டு அனுப்பலாம் என்று நினைத்து, பிறகு ஒப்பந்தம் நினைவுக்கு வந்து, முதலில் படமெடுத்து அனுப்பினேன். உடனே மனைவியின் குரல் வந்தது: “இன்னா பாவா இது, வெண்பொங்கல பர்பி போட்டு வச்சிகிறாங்க? நெய் கண்ணுலயே காணோம்.”

வெயில் கொளுத்தும் என்று தெரிந்ததால் வெள்ளை வேட்டியும் வெள்ளை அரைக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டேன். மொட்டைத் தலையில் கொஞ்சம் சந்தனம், அதன்மேல் தொப்பி. பஸ்ஸில் பாதிப் பேர் என்னைப் போலவே வெள்ளையில் இருந்தார்கள். உள்ளே ஏறித் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டதும் முன் இருக்கையில் இருந்த வாலிபன் சட்டென்று எழுந்து இடம் கொடுத்தான். பக்கத்தில் இருந்த பெண் கைப்பையை மடியில் இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். வயதுக்கு மரியாதை தரும் நாடு என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டேன்.

இடிபாடுகளின் நடுவில் மதில் சூழ்ந்த ஒரு மேட்டு முற்றம் இருக்கிறது. அங்கே வட்டமாகக் கட்டிய ஒரு கோயில். கூரை எப்போதோ போய்விட்டது. நான்கு வாசலுக்கு நேராக நான்கு புத்தர்கள் வானத்தின் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். படிக்கு முன்னால் அரைவட்டக் கல் ஒன்று. அதில் யானையும் குதிரையும் அன்னமும் வரிசையாக நடக்கின்றன. செருப்பும் தொப்பியும் வெளியே கழற்ற வேண்டும். பாதத்தைக் கல் சுட்டது, தலையை வெயில் சுட்டது. ஆனால் எங்கே நின்றாலும் எனக்கு வழி விட்டார்கள். தாமரைத் தட்டோடு வந்த ஒரு பெண் இரண்டு பூக்களை என்னிடம் நீட்டி, குனிந்து கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். வெளிநாட்டுக்காரன் என்பதால் இவ்வளவு அன்பு என்று எடுத்துக்கொண்டேன். அந்தக் காலைப்பொழுது முழுவதும் இப்படி மரியாதையில் மிதந்துகொண்டிருந்தேன்.

அதே முற்றத்தில் ஒரு கல்பலகையில் தமிழ் நிற்கிறது. புத்தரின் பல்லை வைத்திருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பைத் தமிழகத்திலிருந்து போன வேளைக்காரப் படையினர் ஏற்றுக்கொண்ட சாசனம் என்று படித்திருந்தேன். படித்தது வேறு, நேரில் நின்று எழுத்துக் கூட்டுவது வேறு. முதல் வரியில் ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. பிறகு ஒரு ‘க’ கிடைத்தது. நந்தி ஆற்றங்கரைக் கோயிலின் பழைய கல்வெட்டில் பார்த்த ‘க’வுக்குத் தம்பி மாதிரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ‘ர’, அதை அடுத்து ஒரு ‘ல’. வெயில் நகர்ந்து நிழல் விழும் கோணம் மாறியதும் இன்னும் சில எழுத்துகள் தெளிந்து வந்தன. மாணவர் கூட்டம் ஒன்று வந்து போனது. இரண்டு வெள்ளைக்காரர்கள் வந்து, என்னைச் சுற்றி வளைந்து நின்று படமெடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் என்னைக் கிளம்பச் சொல்லவில்லை. இதற்காகத்தான் தனியாக வந்தேன்.

அங்கிருந்து வடக்கே நடந்தால் சோழர்கள் கட்டிய சிவன் கோயில் ஒன்று, சின்னதாக, அநேகமாக முழுதாக நிற்கிறது. கல்லோடு கல் பொருந்திய விதமும் விமானத்தின் அடக்கமும் பார்த்தவுடன் நம் பக்கத்துக் கோயில் என்று சொல்லிவிடும். உள்ளே லிங்கத்துக்கு முன்னால் யாரோ ஒரு சிங்களக் குடும்பம் ஏற்றிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கொண்டுவந்த தாமரை இரண்டையும் அங்கேயே வைத்தேன். வெளியே வந்து நிழலில் உட்கார்ந்தபோதுதான் விரல்கள் லேசாக நடுங்குவது தெரிந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். நடுப்பகல் தாண்டிவிட்டது. ஒரு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான்.

வாகனங்கள் நிற்கும் இடத்தில் சுற்றுலாக்காரர்களுக்கான பெரிய ஓட்டல்கள் இருந்தன. அவை வந்த வழியில் வெகுதூரம் பின்னால். அதோடு, இந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட வேண்டும் என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன். பக்கத்துக் கிராமச் சாலையில் இறங்கி நடந்தேன். முதல் கடை போயாவுக்காகப் பூட்டியிருந்தது. அடுத்தது ஒரு வீட்டின் முன்பக்கம் தகரம் இறக்கிய சாப்பாட்டுக் கடை. வரிசையாக மண்சட்டிகள், மேலே மூடிகள், ஓரத்தில் கழுவி அடுக்கிய தாமரை இலைகள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா தனியாக இருந்தார். நான் தொப்பியைக் கழற்றி உட்கார்ந்ததும் அவர் கைகூப்பினார்.

“ரைஸ்” என்றேன். சட்டியைக் காட்டினேன்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், மிகுந்த வருத்தத்தோடு தலையசைத்தார். “நோ. ட்வெல்வ் ஓவர்” என்று சொல்லி, கடிகாரத்தின் பன்னிரண்டைத் தொட்டுக் காட்டினார். “சில்” என்று ஒரு சொல்லும் சொன்னார்.

அப்போதுதான் காலையிலிருந்து நடந்தவை அத்தனையும் ஒழுங்காக வரிசையில் வந்து நின்றன. சில் என்பது சீலம், போயா விரதம். மொட்டை, வெள்ளை வேட்டி, பௌர்ணமி. இந்த மனிதர்களுக்கு நான் எங்கிருந்தோ தனியே யாத்திரை வந்த விரதக்காரன். பஸ்ஸில் இடம் கிடைத்ததும், பூ கிடைத்ததும், வழி கிடைத்ததும் எனக்கல்ல, விரதத்துக்கு.

“நோ சில்” என்றேன். மார்பைத் தொட்டுக் காட்டினேன், கைகளை விரித்தேன். அவர் புன்னகை செய்தார். பசி தாங்காமல் விரதத்தை முறிக்கப் பார்க்கும் ஆளைக் கரிசனத்தோடு தடுப்பவரின் புன்னகை அது. தன் கையால் அந்தப் பாவம் நடக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார் என்பது நன்றாகத் தெரிந்தது. பால் இல்லாத தேநீரும் ஒரு துண்டு கித்துள் வெல்லமும் கொண்டுவந்து வைத்தார். நம் கருப்பட்டிக்கு நெருங்கிய உறவு, கொஞ்சம் மென்மை. விரதக்காரர்களுக்கு மதியத்துக்குப் பின் அனுமதி உள்ள பண்டம் என்று படித்ததும் இப்போது நினைவுக்கு வந்தது. சர்க்கரை நோயாளி வெல்லம் தின்னக் கூடாது; ஆனால் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும்போது தின்றே ஆக வேண்டும். தின்றேன். நடுக்கம் அடங்கியது. மனைவிக்கு அனுப்பத் தட்டுதான் இல்லை. இருந்ததைப் படமெடுத்து அனுப்பினேன்: ஒரு கண்ணாடி டம்ளர், பக்கத்தில் பாதி கடித்த வெல்லம்.

அடுத்த நிமிஷம் வீடியோவில் கூப்பிட்டாள். “தட்டு எங்க?”

நடந்ததைச் சொன்னேன். என்னைச் சாமியார் என்று நினைத்துக்கொண்டு சோறு போட மறுக்கிறார்கள் என்றேன். திருத்தணியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

“ஒங்களயா? ரெண்டாவது தோசைக்குச் சட்னி கொறஞ்சா வூட்டயே ரெண்டாக்குற ஆளயா? போன அந்தம்மா கைல குடுங்க.”

கொடுத்தேன். மனைவி முதலில் தமிழில் விளக்கினாள். அந்த அம்மா ஒன்றும் புரியாமல் திரையைப் பார்த்தார். உடனே மனைவி அதையே தெலுங்கில், கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். தமிழ் தெரியாதவர் என்றால் தெலுங்கு தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆந்திர எல்லைப் பக்கத்தில் எல்லோருக்கும் இருக்கும் நம்பிக்கை. பள்ளிப்பட்டுச் சந்தையில் அது தவறியதே இல்லை. பொலன்னறுவையில் தவறியது.

பிறகு அவள் கையால் பேச ஆரம்பித்தாள். தாலியை எடுத்துக் காட்டினாள், என் பக்கம் விரலை நீட்டினாள். நெஞ்சைத் தொட்டு, கத்தியால் கீறுவது போலக் காட்டினாள். தலையை மழிப்பது போலக் காட்டினாள். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் மனைவி போனைத் தூக்கிக்கொண்டு பூஜை அலமாரிக்குப் போய், வேலும் மயிலுமாக நிற்கும் முருகன் படத்துக்கு நேரே பிடித்தாள்.

“கதரகம தெய்யோ” என்றார் அந்த அம்மா. இரண்டு கைகளும் தலைக்கு மேலே போயின. போன் ஒரு கையில் இருந்ததால் என் மனைவியும் முருகனும் அவர் தலைக்கு மேலே போனார்கள்.

கதிர்காமத்து முருகனைச் சிங்களவர்களும் கும்பிடுவார்கள், நேர்ந்துகொள்வார்கள் என்பதை நானும் அறிவேன். ஆனால் எனக்கு அது படித்த செய்தி. அவருக்கு வீட்டுச் சாமி. அவர் படத்தைக் காட்டினார், என் தலையைக் காட்டினார், கேள்வியாகப் பார்த்தார். திரையிலிருந்து “ஆங், ஆங், வேண்டுதல்” என்று குரல் வந்தது. அந்தச் சொல் அவருக்குத் தெரிந்திருக்காது, ஆனாலும் உள்ளே போய் வெள்ளைத் துணியில் முடிந்த ஒரு காசைக் கொண்டுவந்து போனுக்குக் காட்டினார். தன் முழங்காலைத் தேய்த்து, தெற்கே கதிர்காமத்துப் பக்கம் கைகாட்டினார். வலி போனால் போய்ச் செலுத்த வேண்டியது என்று புரிந்தது. “நாம மஞ்சத் துணில முடிவோம், இவங்க வெள்ளத் துணில முடியிறாங்க, அவ்ளோதான்” என்றாள் மனைவி என்னிடம், நான்தான் அதைக் கண்டுபிடிக்காமல் இருந்தவன் போல.

அதற்குமேல் கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை. பிரம்புத் தட்டின்மேல் தாமரை இலை விரிந்தது. சிவப்பரிசிச் சோறு, தேங்காய்ப்பாலில் மசிந்த பருப்பு, பிஞ்சுப் பலாக்காய்க் கறி, மொறுமொறுவென்று வதக்கிய தாமரைக் கிழங்கு, தேங்காய்த் துருவலோடு பொடியாக நறுக்கிய பச்சை வல்லாரை, ஒரு அப்பளம். பலாக்காய் கறுக்க வெந்து, மிளகும் பட்டையும் மணக்க, ஆட்டுக்கறி என்று சொல்லி ஏமாற்றிவிடலாம் போலிருந்தது. கிழங்கு பல்லில் நொறுங்கியது. படம் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த அம்மா போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து, தட்டு தெரியும்படி வைத்துவிட்டார்.

அப்போது மனைவியும் தன் தட்டை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். கேழ்வரகுக் களி, கீரைக் குழம்பு. என் படம் வரட்டும் என்று அதுவரை அவளும் சாப்பிடவில்லை. அந்த அம்மா களி உருண்டையைக் கண்டு வியந்து, கையால் உருட்டுவது போலச் செய்து கேட்டார். மனைவி ஓர் உருண்டை பிய்த்துக் குழம்பில் தோய்த்து விழுங்கிக் காட்டினாள், மெல்லக் கூடாது என்று விரலாட்டினாள். எனக்கு இரண்டாம் முறை சோறு வைக்கக் கரண்டி வந்தபோது, திரையிலிருந்து மனைவி கையை உயர்த்தித் தடுத்தாள். சோற்றைக் காட்டி வேண்டாம் என்றும், வல்லாரையைக் காட்டி இன்னும் போடு என்றும் சைகை செய்தாள். அந்த அம்மா கரண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு எனக்கு வல்லாரையை அள்ளிப் போட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் மற்றவர்களிடம் வாங்குவதையே என்னிடமும் வாங்கிக்கொண்டார், வெல்லத்துக்கும் சேர்த்து.

அழைப்பை முடிக்கும்போது ஒப்பந்தத்தைப் பற்றி மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மணி தாண்டித்தான் முதல் கவளம் வாய்க்குப் போனது என்பது இருவருக்கும் தெரியும். அவளுக்குப் பின்னால் சுவரில் எங்கள் கடிகாரமும் தெரிந்துகொண்டிருந்தது. நானும் கேட்கவில்லை. கேட்டு, கிடைக்கும் பதில் பிடிக்காமல் போனால் மீதி நாள் கெட்டுவிடும்.

பொழுது சாயும் நேரத்தில் ஒரே பாறையில் செதுக்கிய புத்தர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். உட்கார்ந்தவர், நின்றவர், படுத்தவர். எதிரே மணலில் வெள்ளை உடுத்தியவர்கள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து முணுமுணுப்பாக ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்தேன். மகன் கூப்பிட்டான்.

“நைனா, அம்மா போன் பண்ணிச்சி. மார்கழிக்கு லீவ் எழுதிக் குடுத்திருந்தா வாபஸ் வாங்கிடுன்னு சொல்லிச்சி.”

“மணி ஒன்னு தாண்டிடுச்சே” என்றேன் மெதுவாக.

“அதையும் சொல்லிச்சி. பாஷ தெரியாத ஊர்லயும் எவளாவது ஒருத்தி அவர ஒக்கார வச்சி அதட்டிச் சோறு போட்ருவா, நீ போயி இன்னா பண்ணப் போறன்னு கேட்டுச்சி. எனுக்கும் நல்லதுதான். கம்போடியால ஒரே கல்லுதான நைனா?”

“ஆங், ஒரே கல்லுதான்” என்றேன்.

போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டேன். படுத்திருக்கும் புத்தரின் பாதங்கள் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தாமல் மேல் பாதம் சற்றே பின்னுக்குத் தள்ளியிருக்கும். தூங்குகிறவர் அல்ல, இறந்தவர் என்பதற்கு அதுதான் அடையாளம் என்பார்கள். எழுந்து அந்தப் பக்கமாகப் போய் நின்றேன். பாறையில் ஓடும் கறுப்பு வரி ஒன்று கணுக்காலில் ஏறி, போர்வையின் மடிப்போடு சேர்ந்துகொள்வதை நிதானமாகப் பின்தொடர்ந்தேன். வெளிச்சம் போகும்வரை அங்கேயே நின்றேன். யாரும் கூப்பிடவில்லை.